கழுதைப் பொம்மையும் சாலைக் கல்லும்

சிலருக்குச் சங்கீதப் பைத்தியம். சிலருக்குக் கிரிக்கெட் பைத்தியம். சிலருக்குப் புடவைக் கடைப் பைத்தியம். எனக்குப் பிடித்திருப்பது சைக்கிள் பந்தயப் பைத்தியம். இதற்கு மருந்தே கிடையாது என்பது எங்கள் வீட்டாரின் தீர்மானமான அபிப்பிராயம்.

மாசி மாதம் பாதி கழிந்ததும் இந்தப் பைத்தியம் தலைக்கு ஏறும். பங்குனி முடிகிற வரையில் இறங்காது. அந்த ஆறேழு வாரங்களில் சனி, ஞாயிறு மாலைகளில் யாராவது வரவேற்பு வைத்துவிட்டால், அவர்களுக்கும் எனக்கும் மனஸ்தாபம்தான்!

"எங்கேயோ பெல்ஜியத்திலே எவனோ சைக்கிள் விடறான். அதுக்கு நீ ஏண்டா இங்கே காபியை ஆற விடறே?" என்று கேட்பாள் அத்தை.

நியாயமான கேள்வி. நேயர்களில் பலருக்கும் இதே சந்தேகம் தோன்றக்கூடும். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. ஒரு ரசிகன் என்ற முறையில் எனக்குச் சில அபிப்பிராயங்களும் உண்டு. அவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இப்போது எங்கள் வீட்டில் யாருடைய காபி ஆறுகிறது என்பதைக் கடைசியில் தெரிந்துகொள்ளலாம்.

ஜனவரியில் ஒத்திகை

சைக்கிள் பந்தயக்காரர்களின் வருஷம் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரைச் சுற்றி நடக்கும் 'டூர் டவுன் அண்டர்' பந்தயம் 1999-இல் தொடங்கியது. ஐரோப்பாவில் பனி பெய்யும் சமயத்தில் அங்கே கொளுத்தும் கோடை. பிறகு அரேபியப் பாலைவனத்தில் ஒரு பந்தயம், ஸ்பெயினில் இரண்டு மூன்று பந்தயங்கள் என்று பிப்ரவரி ஓடும்.

இவையெல்லாம் நல்ல பந்தயங்களே. ஆனால் என் முதல் அபிப்பிராயம் இது: இவை கச்சேரிக்கு முன்னால் தம்பூராவுக்குச் சுருதி சேர்ப்பது மாதிரி. சுருதி சேர்க்காமல் கச்சேரி இல்லை. அதற்காகச் சுருதி சேர்ப்பதையே கச்சேரி என்று சொல்ல முடியுமா?

கச்சேரி தொடங்குவது பெல்ஜியத்தில்தான். பிப்ரவரி கடைசியிலோ மார்ச் முதல் வாரத்திலோ ஒரு சனிக்கிழமை. இடம், கெண்ட் நகரம். பந்தயத்தின் பெயர் 'ஓம்லூப்'. அப்படியென்றால் 'சுற்றுப் பந்தயம்' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறப்பில் ஒரு பத்திரிகைச் சண்டை உண்டு. பத்திரிகையில் வேலை செய்பவன் ஆதலால் எனக்கு இதில் தனி ருசி. 'ப்ளாண்டர்ஸ் சுற்று' என்ற பழைய பந்தயம் 1913-இல் தோன்றியது. பின்னால் அது 'நியூஸ்ப்ளாட்' பத்திரிகையின் பந்தயமாக விளங்கிற்று. போட்டிப் பத்திரிகையான 'ஹெட் ஃபோல்க்' சும்மா இருக்குமா? 1945-இல் தானும் ஒரு பந்தயத்தை ஆரம்பித்தது. முதலில் அதற்கு வைத்த பெயரும் கிட்டத்தட்ட அதே பெயர்! "இது அடுக்குமா?" என்று ஆட்சேபம் கிளம்பவே, பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. விதியின் விளையாட்டைப் பாருங்கள்: பிற்காலத்தில் அந்தப் போட்டிப் பத்திரிகையே நியூஸ்ப்ளாட்டுடன் சேர்ந்துவிட்டது. 2009 முதல் பந்தயமும் நியூஸ்ப்ளாட் பெயரிலேயே நடக்கிறது. சம்பந்தி சண்டை கல்யாணத்தில் முடிந்த கதைதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை 'கூர்ன' என்ற சிற்றூரில் இன்னொரு பந்தயம். அங்கிருந்து ப்ரஸ்ஸல்ஸ் திசையில் போய்த் திரும்பி வர வேண்டும். கூர்ன ஊர்க்காரர்களுக்குக் 'கழுதைகள்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அவர்கள் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை. ஜெயித்தவருக்குப் பஞ்சு அடைத்த ஒரு கழுதைப் பொம்மையைப் பரிசாகக் கொடுத்துவிடுகிறார்கள்! இருநூறு கிலோமீட்டர் மழையிலும் காற்றிலும் அடிபட்டு, முகமெல்லாம் சேறாக நிற்கும் ஆஜானுபாகுவான ஆசாமி, மேடையில் கழுதைப் பொம்மையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு சிரிக்கிறான். இந்தக் காட்சியைப் பார்த்தபோதுதான் அத்தை முதல் தடவையாகத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள்.

காற்று என்னும் எதிரி

"எல்லாரும் கும்பலா ஒண்ணாவே போறாங்களே! இதிலே பந்தயம் எங்கே இருக்கு?" என்று கேட்டாள்.

ரகசியமே அங்கேதான் இருக்கிறது. சைக்கிள்காரனுக்கு முதல் எதிரி பக்கத்தில் வரும் மனிதன் அல்ல, காற்று. முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறான். அவன் முதுகை ஒட்டிப் பின்னால் போகிறவனுக்கு மூன்றில் ஒரு பங்கு சிரமம் மிச்சம். கூட்டத்தின் நடுவே இருந்தால் இன்னும் அதிக மிச்சம். ஆகவே எல்லாரும் கும்பலாகப் போகிறார்கள். பக்கவாட்டில் காற்று அடித்தால், அதற்குத் தகுந்தபடி சாலையின் குறுக்கே சாய்வாக விசிறி மாதிரி வரிசை கட்டுகிறார்கள். சாலையின் அகலம் முடிந்த இடத்தில் விசிறியும் முடிந்துவிடும். அதற்குள் இடம் பிடிக்காதவன் காற்றின் வாயில் அகப்பட்டு, ஐந்தே நிமிஷத்தில் பின்தங்கிப் போவான். ப்ளாண்டர்ஸ் வயல்வெளிகளில் மார்ச் மாதக் காற்று இப்படிப் பல பெரிய மனிதர்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கோஷ்டியிலும் ஜெயிக்கப் போகிறவர் ஒருவர் என்றால், அவருக்காகக் காற்றைத் தாங்குகிறவர்கள் மற்ற அத்தனை பேரும். பின்னால் வரும் காரிடம் போய்த் தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் அடுக்கிக்கொண்டு வந்து விநியோகிப்பவர்களும் அவர்களே. தலைவருக்கு டயர் வெடித்தால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதுண்டு. சைக்கிளையே கொடுப்பதும் உண்டு. பிரெஞ்சு மொழியில் இவர்களுக்குப் பெயர் 'டொமெஸ்டிக்'. அதாவது வீட்டு வேலைக்காரர்!

இதைச் சொன்னதும் அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ மேடையிலே நிக்கறது ஒருத்தன். உழைச்சது ஏழு பேர். நம்ம வீட்டுக் கல்யாணம் மாதிரிதான்" என்றாள். சமையலறையில் நாற்பது வருஷம் நின்றவள் சொன்ன வார்த்தை. இதைவிடச் சுருக்கமாக இந்த விளையாட்டை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

நிறுத்தி வைக்கப்பட்ட பெண்

சகோதரிகளுக்கு முக்கியமான விஷயத்துக்கு இப்போது வருகிறேன்.

ஓம்லூப் பந்தயத்தில் பெண்களுக்கென்று தனிப் போட்டி 2006 முதல் நடக்கிறது. 2019 மார்ச் 2-ஆம் தேதி நடந்ததைக் கேளுங்கள். அன்று ஆண்கள் முதலில் புறப்பட்டார்கள். சுமார் பத்து நிமிஷம் கழித்துப் பெண்கள் அதே சாலையில் புறப்பட்டார்கள். சிறிது நேரத்துக்கெல்லாம் ஸ்விட்ஸர்லாந்தைச் சேர்ந்த நிக்கோல் ஹான்ஸல்மன் என்ற வீராங்கனை, கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பினார். பிரமாதமான வேகம்! அந்த வேகத்தில் அவருக்கு எதிரே என்ன தெரிந்தது தெரியுமா? ஆண்கள் பந்தயத்தின் பின்னால் வரும் கார்கள்!

ஆண்கள் அன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச தூரம் விட்டால் இரண்டு பந்தயமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். அதிகாரிகளுக்குக் கவலை வந்துவிட்டது. அவர்கள் செய்த காரியம், அந்தப் பெண்ணை நிறுத்தினார்கள். பின்னால் வந்த பெண்கள் கூட்டத்தையும் நிறுத்தினார்கள். ஆண்கள் போதுமான தூரம் போகும் வரையில் எல்லாரும் சாலையில் காத்திருந்தார்கள். பிறகு, ஹான்ஸல்மன் சம்பாதித்திருந்த இடைவெளியைக் கணக்காகத் திருப்பிக் கொடுத்து மறுபடி கிளம்பச் சொன்னார்கள்.

இடைவெளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், சரி. உடம்பில் ஏறியிருந்த சூட்டையும் மனத்தில் ஏறியிருந்த வேகத்தையும் யார் திருப்பிக் கொடுப்பது? சிறிது நேரத்தில் அவரைக் கூட்டம் பிடித்துவிட்டது. பந்தயத்தை ஜெயித்தவர் நெதர்லாந்து நாட்டு ஷான்டால் ப்ளாக்.

மறுநாள் காலை இந்தச் செய்தியை வேடிக்கை என்று நினைத்து அத்தையிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வேகமாப் போனது அந்தப் பொண்ணோட தப்பா? முன்னாலே போனவங்களை இன்னும் வேகமாப் போகச் சொல்றதுதானே?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. அதிகாரிகள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. குறுகலான சாலையில் விபத்து நேராமல் காக்க வேண்டியது அவர்கள் கடமை என்பதும் உண்மைதான். ஆனால் பெண்கள் ஆண்களை எட்டிப் பிடித்துவிடுவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவே இல்லையே, அதுதான் விஷயம். பத்து நிமிஷ இடைவெளி போதும் என்று கணக்குப் போட்டவர்களின் மனத்தில் இருந்த எண்ணத்துக்கு அந்தப் பெண் மார்ச் மாதக் குளிரில் பதில் சொல்லிவிட்டார்.

பதினாறாயிரமும் தொள்ளாயிரத்து முப்பதும்

அடுத்த கதை பணக் கதை. 2021-ஆம் வருஷத்து ஓம்லூப் பந்தயத்தில் ஆண்கள் பிரிவில் ஜெயித்தவர் இத்தாலியர் டேவிடே பல்லெரினி. அவருக்குக் கிடைத்த பரிசு 16,000 யூரோ. அதே நாளில் பெண்கள் பிரிவில் ஜெயித்தவர் அன்னா ஃபன் டெர் ப்ரெக்கன். ஒலிம்பிக் தங்கமும் உலகப் பட்டமும் பெற்றவர். அவருக்குக் கிடைத்தது 930 யூரோ! பதினேழில் ஒரு பங்கு.

"பெண்கள் ஓடுகிற தூரம் குறைவுதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தூரம் குறைவுதான். ஆனால் பதினேழில் ஒரு பங்கு அல்லவே! அந்தத் தூரத்தை நிர்ணயித்ததும் பெண்கள் அல்லவே!

அப்போது நடந்ததுதான் என் மனத்தைத் தொட்டது. ரசிகர் ஒருவர், "நாமே கொடுத்தால் என்ன?" என்று கேட்டு ஒரு வசூலை ஆரம்பித்தார். ஒரு வாரத்துக்குள் நடக்கவிருந்த இத்தாலியப் பந்தயத்தில் முதல் ஐந்து இடம் பெறும் பெண்களுக்குக் கொடுப்பதற்காக உலகெங்கும் இருந்து ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். சேர்ந்தது சுமார் 27,000 யூரோ. பத்து, இருபது என்று ரசிகர்கள் அனுப்பிய காசு.

இந்தப் பணத்தால் யாரும் கோடீசுவரி ஆகிவிடவில்லை. ஆனால் பந்தயம் நடத்துகிறவர்களுக்கு நன்றாக உறைத்தது. பெல்ஜியப் பந்தயங்களை நடத்துகிறவர்கள் 2022-இல் ப்ளாண்டர்ஸ் சுற்றில் ஆண், பெண் இருவருக்கும் சமமான பரிசு என்று அறிவித்தார்கள். 2023-இல் ஓம்லூப் உள்படத் தங்கள் பந்தயங்கள் எல்லாவற்றிலும் அதை அமலாக்கினார்கள்.

ஒன்றை மறந்துவிடக்கூடாது. பரிசுப் பணம் மேடையில் தெரிகிற பணம். அடுப்பங்கரைப் பணம் வேறு. அது மாதச் சம்பளம். முதல் தரக் கோஷ்டிகளில் சேர்ந்த பெண்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் இவ்வளவு என்று சர்வதேசச் சம்மேளனம் நிர்ணயித்ததே 2020-இல்தான். அப்போது அது வருஷத்துக்கு 15,000 யூரோ. அதற்கு முன்னால் சம்பளமே இல்லாமல், படித்துக்கொண்டோ வேறு வேலை பார்த்துக்கொண்டோ பந்தயம் ஓடியவர்கள் ஏராளம். இது என் இரண்டாவது அபிப்பிராயம்: ஜெயித்தவளுக்குச் சமப் பரிசு கொடுத்தால் போதாது. தண்ணீர்ப் புட்டி சுமந்தவளுக்கும் மாதம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும்.

வெள்ளைச் சாலையில் ஒரு குதிரை

வசூல் நடந்தது எந்தப் பந்தயத்துக்காக என்று சொன்னேனல்லவா? அது இத்தாலியில் நடக்கும் 'ஸ்த்ராதே பியாங்கே'. 'வெள்ளைச் சாலைகள்' என்று அர்த்தம். டஸ்கனிப் பிரதேசத்தின் குன்றுகள், ஸைப்ரஸ் மரங்கள், திராட்சைத் தோட்டங்கள். நடுவே சுண்ணாம்புப் பொடி தூவினாற்போல் வெண்மையான சரளைச் சாலைகள். முடிகிற இடம் சியேனா நகரத்துப் புராதனச் சதுக்கம். அந்தச் சதுக்கத்துக்குள் நுழைவதற்கு முன்னால், குறுகிய கல் சந்து ஒன்றில் செங்குத்தாக ஏற வேண்டும்.

பந்தயம் தொடங்கியது 2007-இல்தான். நேற்றுப் பிறந்த பிள்ளை. அப்படியிருந்தும் நூறு வயதுப் பந்தயங்களுக்குச் சமமாக அதை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். 2025-இல் ஸ்லொவீனியா நாட்டு தாடேய் பொகாச்சார் இறக்கத்தில் சறுக்கி முள் புதரில் விழுந்தார். சட்டை கிழிந்து, தோளும் காலும் ரத்தமாக எழுந்து மறுபடி சைக்கிளில் ஏறினார். ஜெயித்தவரும் அவரே!

பெண்களுக்கு இங்கே போட்டி தொடங்கியது 2015-இல். 2023-இல் நெதர்லாந்து வீராங்கனை டெமி ஃபொல்லரிங் வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஒரு குதிரை சாலையில் புகுந்து அவருக்கு முன்னால் ஓட ஆரம்பித்தது. சியேனா சதுக்கம் வருஷத்தில் இரண்டு நாள் குதிரைப் பந்தயம் நடக்கிற இடம். அந்தக் குதிரை தேதியை மறந்துவிட்டது போலும்! நல்ல வேளையாகக் குதிரை வயலுக்குள் இறங்கிவிட்டது. கடைசியில் சதுக்கத்தில் ஃபொல்லரிங்கும் லொட்டே கொபெக்கியும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வந்தார்கள். புகைப்படத்தைப் பார்த்துத்தான் ஃபொல்லரிங் ஜெயித்ததாகத் தீர்ப்புச் சொல்ல முடிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், இருவரும் ஒரே கோஷ்டி! ஒரே வீட்டு மருமகள்கள் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

திரட்டுப்பால் பந்தயம்

அதற்குப் பிறகு ஒரு வார காலம் இரண்டு நீண்ட பந்தயங்கள். பாரிஸிலிருந்து நீஸ் வரை போவதற்குச் 'சூரியனை நோக்கிய பந்தயம்' என்று பெயர். பனியில் புறப்பட்டுக் கடற்கரை வெயிலில் முடிகிறது. 1982 முதல் 1988 வரை தொடர்ந்து ஏழு வருஷம் இதை ஜெயித்தவர் அயர்லாந்து நாட்டு ஷான் கெல்லி. அதே வாரத்தில் இத்தாலியில் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போகும் பந்தயம். ஜெயித்தவருக்குச் சமுத்திர ராஜனின் திரிசூலம் பரிசு.

பிறகு மிலான்–ஸான்ரெமோ. இத்தாலியர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'வசந்தம்'. 1907-இல் பிறந்த இந்தப் பந்தயம் சுமார் 290 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிகிற பெரிய பந்தயங்களில் இதைவிட நீளமானது இல்லை. 1966-இல் இருபது வயதுப் பையனாக இதை முதல் முறை ஜெயித்த பெல்ஜியத்து எடி மெர்க்ஸ், மொத்தம் ஏழு தடவை ஜெயித்தார். வசந்தம் என்று பெயர் வைத்தால் பனி கேட்குமா? 2013-இல் பனிப் புயல் அடித்து, பந்தயத்தை நடுவழியில் நிறுத்தி, எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றி மலைக்கு அப்பால் இறக்கிவிட்டார்கள்.

இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பலருக்கு ஒரு புகார் உண்டு. ஆறு மணி நேரம் ஒன்றுமே நடப்பதில்லை. கடைசிப் பதினைந்து நிமிஷத்தில் எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. ஆகவே பாதையை மாற்று, மலையைக் கூட்டு என்கிறார்கள். முன்பும் கூட்டியிருக்கிறார்கள். 1960-இல் 'போஜ்ஜோ' என்ற குன்று சேர்ந்தது. 1982-இல் 'சிப்ரெஸ்ஸா' சேர்ந்தது.

இனிமேல் தொடாதீர்கள் என்பது என் மூன்றாவது அபிப்பிராயம். திரட்டுப்பால் கிளறியவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெகு நேரம் ஒன்றும் நடக்காத மாதிரிதான் தோன்றும். பால் பாலாகவே இருக்கும். கை வலிக்கும். கடைசிப் பத்து நிமிஷத்தில் கண்ணை எடுத்தால் போயிற்று! போஜ்ஜோ ஒன்றும் செங்குத்து மலை அல்ல. நாலு கிலோமீட்டர்கூட இல்லாத சாதாரணக் குன்று. ஆனால் 280 கிலோமீட்டர் கால்களில் ஏறிய பிறகு அது இமயமலை. முதல் ஆறு மணி நேரத்தை வெட்டிவிட்டால் அந்தக் கடைசிக் கால் மணிக்கு அர்த்தமே கிடையாது.

பெண்களுக்கு இந்தப் பந்தயம் 1999 முதல் 2005 வரை நடந்து, பிறகு நின்றுபோயிற்று. இருபது வருஷ இடைவெளிக்குப் பின் 2025 மார்ச் 22-ஆம் தேதி மறுபடி நடந்தது. ஜெனோவாவிலிருந்து 156 கிலோமீட்டர். கடைசி இரண்டு குன்றுகளும் ஆண்களுக்கு உள்ளவையே.

போஜ்ஜோ இறங்கியதும், அந்த நாட்டுப் பெண்ணான எலிஸா லோங்கோ போர்கினி தனியாகப் பாய்ந்தார். ஊரே கூச்சல் போட்டது. சில நூறு மீட்டர்தான் பாக்கி. அவரைத் துரத்தி இழுத்தது யார் தெரியுமா? வானவில் சட்டை அணிந்த உலகச் சாம்பியன் லொட்டே கொபெக்கி! தனக்காக அல்ல, தன் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த தோழி லொரேனா வீபஸுக்காக. உலகத்தையே ஜெயித்தவள், அன்று காற்றைத் தாங்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். வீபஸ் பாய்ந்து ஜெயித்தார். மேடையில் அவர் பெயர்தான் ஒலித்தது.

பரிசு ஒரு கல்

பங்குனி கடைசியில் வருகின்றன இரண்டு கல் சாலைப் பந்தயங்கள். முதலாவது ப்ளாண்டர்ஸ் சுற்று. அதில் 'கொப்பன்பெர்க்' என்று ஒரு குன்று. கல் பாவிய, செங்குத்தான, ஒற்றையடி அகலமுள்ள பாதை. 1987-இல் டென்மார்க்கின் யெஸ்பர் ஸ்கிபி முதலாவதாக ஏறிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்த அதிகாரியின் கார் அவரை இடித்தது. அவர் விழுந்தார். கார் நிற்காமல் அவர் சைக்கிள் மேலேயே ஏறிப் போய்விட்டது! அதற்குப் பிறகு 2002 வரை அந்தக் குன்றின் பக்கமே பந்தயம் போகவில்லை.

அடுத்த வாரம் பாரிஸ்–ரூபே. 1896-இல் ரூபே நகரத்து ஆலை முதலாளிகள் இருவர் தங்கள் புதிய சைக்கிள் மைதானத்துக்கு விளம்பரம் தேடி ஆரம்பித்த பந்தயம். 'வடக்கு நரகம்' என்ற பட்டப்பெயர், முதல் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து சின்னாபின்னமான அந்தப் பிரதேசத்தை 1919-இல் பார்த்தவர்கள் வைத்தது. வயல்களுக்கு நடுவே மாட்டு வண்டிக் காலத்துக் கல் சாலைகள். அவற்றைப் பழுது பார்க்கவே ரசிகர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. 2024-இல் ஆரன்பெர்க் காட்டுப் பாதையில் கற்களுக்கு இடையே முளைத்த புல்லை மேய்வதற்கு ஆடுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஜெயித்தவருக்குப் பரிசு, அந்தச் சாலையிலிருந்தே எடுத்த ஒரு கல்!

இந்த நரகத்துக்குள் பெண்களை விடுவதற்கு நூற்றிருபத்தைந்து வருஷம் ஆயிற்று. 2021 அக்டோபர் 2-ஆம் தேதி, கொள்ளை நோயால் தள்ளிப்போன அந்தப் பந்தயம், மழை ஈரத்தில் நடந்தது. இங்கிலாந்தின் லிஸ்ஸி டெய்க்னன் அன்று ஜெயிக்க வந்தவர் அல்ல. தம் கோஷ்டித் தலைவிகளைக் காப்பதற்காக முதல் கல் சாலையில் முன்னால் நின்றவர். திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரையும் காணோம்! சரி, போய்த்தான் பார்ப்போமே என்று போனார். எண்பது கிலோமீட்டருக்கு மேல் தன்னந்தனியாகப் போனார். கையுறை அணியாத உள்ளங்கை தேய்ந்து, கைப்பிடியெல்லாம் ரத்தம். ரூபே மைதானத்தில் அவர் கைகளை உயர்த்தியபோது, அவருடைய மகளுக்கு மூன்று வயது.

அன்று அவருக்குக் கிடைத்த பரிசுப் பணம் 1,535 யூரோ. ஆண்களுக்கு 30,000. ஆனால் கல் ஒரே மாதிரிக் கல்தான். அதன் கனத்தை யாரும் குறைக்க முடியவில்லை.

அத்தையின் தீர்ப்பு

கடைசியாக ஒரு கதை. 2025 மார்ச் 1-ஆம் தேதி. மறுபடி அதே ஓம்லூப். நான் வழக்கம்போல் பெட்டியின் முன்னால். அத்தை முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில்.

பெண்கள் பந்தயத்தில் ஆரம்பத்திலேயே சிலர் முன்னால் போய்விட்டார்கள். பெரிய பெயர்கள் யாரும் அதில் இல்லை. ஆகவே பெரிய பெயர்கள் எல்லாம், "நீ துரத்து, நான் துரத்து" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்கள். இடைவெளி பத்து நிமிஷத்தைத் தாண்டிப் போயிற்று.

"இந்தத் தடவையும் பிடிச்சு நிறுத்திடுவாங்களா?" என்று கேட்டாள் அத்தை. ஆறு வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன கதை அவளுக்கு மறக்கவில்லை!

"மாட்டார்கள், அத்தை" என்றேன். எனக்கே நிச்சயமில்லை.

முன்னால் இருவர் மட்டும் மிஞ்சினார்கள்: பெல்ஜியத்தின் லொட்டே க்ளாஸ், போலந்தின் அவுரேலா நெர்லோ. பின்னால் இருந்தவர்களுக்குப் புத்தி வந்து துரத்தியபோது நேரம் கடந்துவிட்டது. க்ளாஸ் ஜெயித்தார். முந்தின நாள் வரையில் என்னைப் போன்ற பைத்தியங்களிலும் பாதிப் பேர் அந்தப் பெயரைக் கவனித்திருக்கமாட்டார்கள். கோட்டைத் தாண்டிய பிறகும் அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை. அவரை அன்று யாரும் நிறுத்தவில்லை. சாலை திறந்திருந்தது, அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கீரை அப்படியே கிடந்தது. பக்கத்தில் வைத்த காபியில் ஆடை படிந்திருந்தது.

"காபி ஆறிப்போச்சே, அத்தை!" என்றேன்.

"ஆறினா என்னடா? சுட வெச்சுக்கலாம்" என்றாள் அத்தை. "அந்தப் போலந்துப் பொண்ணு இரண்டாவதா வந்ததே, அதுக்கும் ஏதாவது குடுப்பாங்களோ?"